மழைக்கால மலைப்பாதையும் கடை வேலையும்: போவதா, நிற்பதா என்று முடிவெடுக்கும் முறை

ஏற்காட்டிலிருந்து சேலம் கடைவீதிக்கு இறங்கி வேலை செய்பவர்களுக்கும், அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் பக்கத்திலிருந்து மலையேறி ஏற்காட்டுக் கடைகளில் நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் ஒன்பது ஆண்டுகள் மலையிலிருந்து இறங்கித் துணிக்கடையில் விற்பனையாளராக இருந்தேன். இப்போது ஏற்காட்டில் ஒரு கடை என் பொறுப்பில் இருக்கிறது. கீழேயிருந்து ஐந்து பேர் என்னை நம்பி மலையேறி வருகிறார்கள்.

புதிதாகச் சேர்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்குகிறார்கள். காலை ஏழரை மணிக்குக் கதவைத் திறந்து வானத்தைப் பார்க்கிறார்கள். தூறல்தானே என்று கிளம்பிவிடுகிறார்கள். வந்து சேர்ந்தும்விடுகிறார்கள். சிக்கல் இரவு ஒன்பது மணிக்குத்தான் ஆரம்பமாகிறது: இருட்டு, மூடுபனி, நின்றுபோன பஸ், வீட்டில் காத்திருக்கும் குழந்தை. அவர்கள் காலையில் யோசித்தது போகும் வழியை மட்டுமே.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படியில் கிடைக்கும் விவரம் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. ஐப்பசி பிறக்கும் முன் சேர்த்துவைக்க வேண்டியவை

முதலில் மூன்று தொலைபேசி எண்கள். மலை மேலே ஒருவர், அடிவாரத்தில் ஒருவர், கடையில் ஒருவர். மேலே இருப்பவர் சாலையோரம் குடியிருப்பவராக இருக்க வேண்டும். தோட்டத்துக்குள் இருப்பவருக்கு மழை தெரியும், சாலை தெரியாது. அடிவாரத்தில் சோதனைச் சாவடி அருகே டீக்கடை வைத்திருப்பவரைப் போலப் பயன்படும் ஆள் வேறு யாரும் இல்லை. எந்த வண்டி இறங்கியது, எது ஏறியது என்பதை விடிகாலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பவர் அவர்தான். மழை இல்லாத நாளில் நின்று டீ குடித்து, இன்னார் என்று சொல்லி எண் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077, அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108 ஆகியவற்றைப் பதிந்துவையுங்கள். தாளிலும் எழுதிப் பையில் வையுங்கள். தொலைபேசி நனைந்து அணைந்தபின் மனப்பாட எண் ஒன்றுகூட நினைவுக்கு வராதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பையில் ஒரு மாற்றுடை, உலர்ந்த காலுறை, சிறு டார்ச், மின்னேற்றிய பவர் பேங்க், அன்றாடம் சாப்பிடும் மாத்திரை இரண்டு நாளைக்கு, கொஞ்சம் ரொக்கம். எல்லாவற்றையும் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் உறைகளில் தனித்தனியாகச் சுற்றிவையுங்கள். நனைந்த உடையோடு எட்டு மணி நேரம் குளிரூட்டப்பட்ட கடைக்குள் நின்றால் மாலைக்குள் காய்ச்சல் வந்துவிடும். காய்ச்சலோடு மலையேறுவது அடுத்த ஆபத்து.

மழைக்கோட்டு வாங்கும்போது மேல்சட்டை தனி, கால்சட்டை தனி என்று இரண்டு துண்டாக வருவதை வாங்குங்கள். போர்வைபோல் மேலே போட்டுக்கொள்ளும் வகை காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும். சேலை, துப்பட்டாவை உள்ளே செருகிக்கொள்ளவும் கால்சட்டை வகைதான் வசதி.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது: தங்குமிடம். இறங்கி வேலை செய்பவர்களுக்குச் சேலத்தில் ஒரு வீடு, ஏறி வேலை செய்பவர்களுக்கு ஏற்காட்டில் ஒரு வீடு. அந்த வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். "மழை அதிகமானால் ஓரிரவு வந்து தங்கலாமா அக்கா?" என்று அக்டோபர் மாதத்தில் கேட்பது எளிது. இரவு ஒன்பதரைக்கு நனைந்து நின்று கேட்பது கடினம். கூச்சத்தினால் கேட்காமலே மலையேறிவிடுவார்கள்.

2. கடையோடு பேச வேண்டியதை வெயில் அடிக்கும்போதே பேசுங்கள்

மழை நாளன்று கடைக்காரருக்கும் பதற்றம், உங்களுக்கும் பதற்றம். அந்த நேரத்தில் நடக்கும் பேச்சு சண்டையில் முடியும். தீபாவளிக் கூட்டம் தொடங்கும் முன், ஆள் ஓய்வாக இருக்கும் ஒரு பிற்பகலில் கேளுங்கள்.

கேட்க வேண்டியவை இவை. வர முடியாவிட்டால் யாரிடம், எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும்? அந்த நாள் விடுப்பில் கழியுமா, சம்பளத்தில் கழியுமா? வார விடுமுறையை மாற்றிக்கொள்ளலாமா? மாலையில் வானிலை மோசமானால் எத்தனை மணிக்குக் கிளம்ப விடுவீர்கள்? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்து அதுதான் உயிரோடு தொடர்புடைய கேள்வி.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 உங்களுக்கு ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு கூடிய தற்செயல் விடுப்பு தருகிறது. நோய்க்கான 12 நாள் அதிலிருந்து தனி. நியாயமான காரணம் என்றால் தற்செயல் விடுப்பு கேட்கலாம். மண் சரிந்த சாலையைவிட நியாயமான காரணம் வேறென்ன? ஆகவே ஆடித் தள்ளுபடி முடிந்ததும் எத்தனை நாள் மிச்சமிருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்று நாளையாவது நவம்பர், டிசம்பருக்கு ஒதுக்கிவையுங்கள். ஆவணியிலேயே எல்லாவற்றையும் எடுத்து முடித்தவர்கள்தான் கார்த்திகை மழையில் சம்பளப் பிடித்தத்துக்குப் பயந்து வண்டியை எடுக்கிறார்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். மழைக்காக மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் அது பள்ளி, கல்லூரிகளுக்கு. உங்கள் கடைக்கு அது பொருந்தாது. "கலெக்டர் லீவு விட்டாச்சு" என்று நினைத்துத் தகவல் சொல்லாமல் வீட்டில் இருந்துவிட்டு, மறுநாள் வேலையிலிருந்து நிற்கச் சொல்லப்பட்ட ஒரு பெண் இருந்தாள். வராதது அவளுடைய தவறு இல்லை. சொல்லாததைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

3. முந்தைய இரவு எச்சரிக்கையைப் படிக்கும் வரிசை

எட்டு மணிக்குமேல் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மௌசம் செயலியிலும் தமிழ்நாடு அரசின் டிஎன் அலர்ட் செயலியிலும் மாவட்டவாரியாகக் கிடைக்கும். உறவினர் குழுவில் வரும் குரல்பதிவுகளை விட்டுவிடுங்கள். பாதி பழைய மழையைப் பற்றியதாக இருக்கும்.

எச்சரிக்கையின் நிறத்துக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிகக் கனமழை. அதற்கும் மேலே அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற எச்சரிக்கைகள் பொதுவாக இந்த வரிசையில் வருகின்றன. ஆனால் எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் ஒன்றுதான். சேலம் மாவட்டம் மேட்டூரிலிருந்து ஆத்தூரையும் தாண்டிப் போகிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. ஈரக்காற்று சேர்வராயன் மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து அங்கேயே கொட்டுகிறது. எனவே சேலத்துக்கு மஞ்சள் என்றால் மலைக்கு ஒரு படி கூட்டி ஆரஞ்சு என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். இது விதி அல்ல, பட்டுத் தெரிந்துகொண்ட எச்சரிக்கை.

மாதத்தையும் கணக்கில் எடுங்கள். அக்டோபரில் பெரும்பாலும் பகல் வெயில், மாலை இடிமழை. காலை வானம் தெளிவாக இருப்பதால் ஏமாறுவது இந்த மாதத்தில்தான் அதிகம். இடிமின்னலுக்குத் தாமினி என்ற செயலி இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி மின்னல் வருகிறதா என்று காட்டும். நவம்பர், டிசம்பரில் வங்கக் கடல் தாழ்வு மண்டலமும் புயலும் வரும்போது நாள்கணக்கில் விடாத மழை. டிசம்பர் கடைசியிலிருந்து தை வரை மழை குறையும். விடிகாலை மூடுபனியும் குளிரும் சேர்ந்துகொள்ளும்.

எச்சரிக்கையைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது: கடந்த மூன்று நாள் எவ்வளவு பெய்திருக்கிறது? மலைச்சரிவு ஒரு மணி நேர மழையில் இளகிவிடுவதில்லை. மண் பல நாள் நீரைக் குடித்துக் கனத்து, பாறையோடு உள்ள பிடியை இழந்தபின்தான் சரிகிறது. மழை நின்று பல மணி நேரம் கழித்தும் சரியும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அங்கிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஏற்காட்டு மலைப்பாதையில் டிசம்பர் முதல் நாள்களில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. புயல் கரையைக் கடந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்டு நிம்மதியாகக் கிளம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

4. திரும்பும் பயணத்தை முதலில் கணக்கிடுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் பழக்கப்படுத்திக்கொண்டாலும் பாதித் தொல்லை தீரும். நாளை காலை என்ன ஆகும் என்பதை ஒதுக்கிவையுங்கள். நாளை இரவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

கடை ஒன்பதுக்கு மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். துணி மடித்து அடுக்கி, கல்லாக் கணக்கு முடித்து, கையெழுத்துப் போட்டு வெளியே வர ஒன்பதரை ஆகிவிடும். புதிய பேருந்து நிலையம் போய்ச் சேர இன்னும் இருபது நிமிடம். மழை நாளில் ஐந்து ரோடு, நான்கு ரோடு நெரிசலில் அது நாற்பது நிமிடம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா? நேரத்துக்குப் போனாலும் மழைக்காக அதை நிறுத்தியிருந்தால் என்ன செய்வீர்கள்?

டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. ஆகவே உங்கள் திரும்பும் பயணம் முழுக்க முழுக்க இருட்டில். காலையில் உங்களுக்குத் தெரிந்த கல், விழுந்த கிளை, சாலை விளிம்பு எதுவும் இரவில் தெரியாது. காலையில் ஓரளவு பாதுகாப்பான அதே மழை இரவில் பாதுகாப்பற்றதாக ஆவது இதனால்தான்.

கணக்குப் போட்டபின் மூன்றில் ஒரு விடை வரும். திரும்ப வழி உண்டு என்றால் அடுத்த படிக்குப் போங்கள். திரும்ப முடியாது ஆனால் தங்க இடம் உண்டு என்றால், தங்குவதற்கான ஏற்பாட்டோடு மட்டும் கிளம்பலாம். வீட்டில் சொல்லிவிட்டு, மருந்தும் உடையும் எடுத்துக்கொண்டு. இரண்டும் இல்லை என்றால் போக வேண்டாம். காலையில் வானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த முடிவை மாற்றாதீர்கள்.

5. காலையில் ஒரு பார்வை, இரண்டு அழைப்பு

கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே எழுந்துவிடுங்கள். அவசரத்தில் விசாரித்தால் உங்களுக்குப் பிடித்த பதிலை மட்டும் காதில் வாங்குவீர்கள்.

கீழே இருப்பவர்கள் மாடிக்குப் போய் மலையைப் பாருங்கள். மலை மேல் மூடுபனி என்று நாம் சொல்வது பெரும்பாலும் சரிவில் உட்கார்ந்திருக்கும் மேகம். மேகத்தின் அடிப்பக்கம் மலை உச்சியை மட்டும் மூடியிருந்தால் மேல் வளைவுகளில் மட்டும் பார்வை மறையும். பாதி மலைக்குக் கீழே இறங்கியிருந்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்குமேல் மேகத்துக்குள் இருக்கிறது. மலையே தெரியவில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு அழைப்பு. "அண்ணே, மேலே மழையா?" என்று கேட்காதீர்கள். "லேசாகத்தான்" என்பார்கள். மலைக்காரர்களுக்கு எல்லா மழையும் லேசுதான். நானும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தேன். பதில் எண்ணாகவோ நேரமாகவோ வரும்படி கேளுங்கள்: முதல் பஸ் இறங்கிவிட்டதா, எத்தனை மணிக்கு? வழக்கத்தைவிட எவ்வளவு தாமதம்? ஓட்டுநர் கல், மரம் பற்றி ஏதாவது சொன்னாரா? நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை மின்கம்பம் தெரிகிறது?

பஸ் இறங்கிவிட்டது என்ற ஒரு செய்தி பத்து முன்னறிவிப்புக்குச் சமம். அகலமான வண்டி முழுப் பாதையையும் கடந்து வந்திருக்கிறது என்று பொருள். ஆனால் அந்தச் செய்தி பழையதாகக் கூடாது. ஆறு மணிக்கு இறங்கிய பஸ் ஒன்பது மணிச் சாலைக்குச் சாட்சி சொல்லாது.

சேலம் நகரத்துக்குள்ளேயே வேலைக்குப் போகிறவர்களும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து நகரத்தின் நடுவே ஓடுகிறது. மலையில் இரவு பெய்த மழை நகரத்துக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். உங்கள் தெருவில் ஒரு துளி இல்லாத காலையில்கூட ஆற்றோரத் தாழ்வான சாலைகளில் தண்ணீர் ஏறியிருக்கும்.

6. நிறுத்தக் கோடுகள்

கீழே உள்ளவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் போவதில்லை என்று முன்பே முடிவு செய்துவையுங்கள். காலையில் எடைபோட உட்கார்ந்தால் சம்பளம், மேற்பார்வையாளரின் முகம், பண்டிகை ஊக்கத்தொகை எல்லாம் தராசில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

- மலைப்பாதையில் போக்குவரத்து நிறுத்தம் என்று அறிவிப்பு வந்திருக்கிறது, அல்லது பஸ் ஓடவில்லை.
- சேலம் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை.
- மூன்று நாள் தொடர்மழை. வழியில் எங்காவது கல்லோ மண்ணோ விழுந்ததாக ஒரே ஒருவர் சொன்னாலும் போதும்.
- அடுத்த மின்கம்பம் தெரியாத அளவு மூடுபனி, உங்களிடம் இருப்பது இருசக்கர வாகனம் மட்டும்.
- நீங்கள் காய்ச்சலிலோ கர்ப்பமாகவோ இருக்கிறீர்கள். வழியில் மாட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் குளிரில் நிற்க வேண்டிவரும்.
- நான்காம் படியில் திரும்ப வழியும் இல்லை, தங்க இடமும் இல்லை.

ஆரஞ்சு எச்சரிக்கையும் ஓடும் பஸ்ஸும் சேர்ந்த நாள்தான் மிகவும் குழப்பும். அந்த நாளில் பஸ்ஸில் மட்டும், தங்கும் ஏற்பாட்டோடு மட்டும் போங்கள்.

7. எதில் போவது

முதலில் பஸ். கனம் அதிகம், தினமும் அந்தச் சாலையில் போகும் ஓட்டுநர், மாட்டிக்கொண்டாலும் உடன் நாற்பது பேர். கட்டணத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் பார்த்து வண்டியை எடுக்கும் பழக்கத்தை இந்த மூன்று மாதத்துக்கு மட்டும் நிறுத்திவையுங்கள்.

இருசக்கர வாகனம் கடைசித் தேர்வு. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இறங்குவதற்குத் தனிக் கவனம் தேவை. கியர் வண்டியை இரண்டாம் கியரில் போட்டு இஞ்சினே வேகத்தைப் பிடிக்கும்படி இறக்கலாம். ஸ்கூட்டரில் அந்தப் பிடி மிகக் குறைவு. வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. இஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு இறங்குகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். பெட்ரோல் மிச்சம் என்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடிவாரம் வழி அடைபட்டால் குப்பனூர் வழி இருக்கிறதே என்று உடனே திரும்பிவிடாதீர்கள். ஒரே மலை, ஒரே மழை. ஒரு பக்கம் சரிந்திருந்தால் மறுபக்கமும் ஊறித்தான் இருக்கும். அந்த வழியில் ஆள் நடமாட்டம் குறைவு. விழுந்தால் பார்க்க ஆள் வர நேரமாகும். அந்தப் பாதையில் பஸ் ஓடுகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் யோசியுங்கள்.

8. கிளம்பியபின் வழியில் கவனிக்க வேண்டியவை

கிளம்பிவிட்டோம் என்பதற்காகப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஏறுபவர்களுக்கு அடிவாரச் சோதனைச் சாவடி இரண்டாவது முடிவிடம். அங்கே நின்று, இறங்கி வரும் வண்டிக்காரர் ஒருவரிடமாவது கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். இறங்குபவர்கள் ஏற்காட்டு ஒண்டிக்கடை அருகே அந்த வேலையை முடித்துவிடுங்கள். முதல் வளைவைத் தாண்டியபின் திருப்புவது கடினம். மனமும் திரும்ப ஒப்பாது.

சரிவு விழப்போகிறது என்பதற்கு மலை அறிகுறி காட்டும். எப்போதும் தெளிவாக வடியும் இடத்தில் செந்நிறச் சேற்றுநீர். ஓடிக்கொண்டிருந்த ஓடை திடீரென வற்றியது. மேலே எங்கோ மண் அடைத்துக்கொண்டு நீர் தேங்குகிறது. சாலையில் சிதறிய புதுச் சரளைக்கல். சாய்ந்த மரம், தடுப்புச் சுவரில் புடைப்பு, தாரில் நேற்று இல்லாத விரிசல். இவற்றில் எதைப் பார்த்தாலும் அடியில் நின்று படம் எடுக்காமல் உடனே விலகுங்கள். சரிவு விழுந்த இடத்தில் இரண்டாவது சரிவு வருவது சாதாரணம். மண்ணைத் தள்ளி வழி செய்ய இறங்குகிறவர்கள் அதில்தான் சிக்குகிறார்கள்.

மூடுபனியில் விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். உயர்த்திப் போட்டால் ஒளி பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். வளைவுக்கு முன் ஒலி எழுப்புங்கள். ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள். உதிர்ந்த சில்வர் ஓக் இலைகள் மழையில் சோப்புப்போல் வழுக்கும். வளைவின் உள்ளோரத்தில்தான் அவை சேர்ந்து கிடக்கும். காட்டெருமை குறுக்கே நின்றால் விளக்கடித்து விரட்டாமல் தொலைவிலேயே நில்லுங்கள்.

தண்ணீர் ஓடும் இடத்தில் ஆழத்தைவிட வேகம் முக்கியம். அரை அடி ஆழம் வேகமாக ஓடினால் ஆளைத் தள்ளும். ஒரு அடி ஆழம் சிறு காரையே நகர்த்தும். தெரிந்த சாலைதானே என்று இறங்காதீர்கள். தண்ணீருக்குக் கீழே சாலை இன்னும் இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது.

விரல்கள் விறைத்துப் பிரேக்கை உணர முடியவில்லை என்றால் அதுவும் ஒரு நிறுத்தக் கோடு. மலை மேலே சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவு; நனைந்த உடம்பில் காற்றும் சேர்ந்தால் கை முதலில் மரத்துப்போகும். ஓரமாக, மரத்தடியைத் தவிர்த்து நின்று, கையை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு பிறகு போங்கள்.

9. வர முடியாது என்று சொல்லும் முறை

கடைப் பொறுப்பில் அமர்ந்தபின் நான் புரிந்துகொண்டது இது. ஆள் வராததைவிட, வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் இருப்பதுதான் கடையைக் கலைத்துப்போடுகிறது. காலை ஏழு மணிக்குத் தெரிந்தால் இன்னொருவரைக் கூப்பிடலாம். பத்து மணிக்குத் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

எழுத்தில் அனுப்பி, பிறகு ஒருமுறை அழையுங்கள். எழுத்து பின்னால் சான்றாக நிற்கும். செய்தி இப்படி இருக்கலாம்:

"அண்ணா, வணக்கம். இன்று காலை 6.40-க்கு விசாரித்தேன். இரவு முழுவதும் மழை. 60 அடி பாலத்துக்கு மேலே கல் விழுந்திருப்பதாக முதல் பஸ் ஓட்டுநர் சொன்னார். காலையில் வர இயலாது. பாதை சரியானால் மதியத்திலிருந்து நிற்கிறேன், 10.15-க்குள் உறுதியாகச் சொல்கிறேன். வர முடியாவிட்டால் தற்செயல் விடுப்பாக எழுதிக்கொள்ளுங்கள். சரக்கறைச் சாவி அக்காவிடம் நேற்றே கொடுத்துவிட்டேன்."

இதில் விசாரித்த நேரம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, மாற்று யோசனை இருக்கிறது, அடுத்த தகவல் எப்போது என்பதும் இருக்கிறது. சொன்ன 10.15-க்குச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு நேரந்தவறாமை அடுத்த மழைக்கு உங்கள் பேச்சுக்கு மதிப்பு சேர்க்கும்.

பெரிய தவறு, மழையைச் சொல்லக் கூச்சப்பட்டு வயிற்றுவலி என்று பொய் சொல்வது. மாலையில் யாராவது உங்களை ஒண்டிக்கடையில் பார்த்துவிட்டால், மறுமுறை உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். இன்னொரு தவறு, "பார்க்கிறேன் அண்ணா, முயற்சி செய்கிறேன்" என்பது. முயற்சி என்று சொன்னபின் வராமல் இருக்க மனம் கூசும். அந்தக் கூச்சமே உங்களை வண்டியில் ஏற்றிவிடும்.

"மற்றவர்கள் எல்லாம் வந்துவிட்டார்களே" என்று பதில் வரும். அவர்கள் அழகாபுரத்திலிருந்து வருகிறார்கள், நீங்கள் நாகலூரிலிருந்து வருகிறீர்கள். ஒப்பிட்டு வாதாட வேண்டாம். "என் வழியில் மலைப்பாதை இருக்கிறது அண்ணா" என்று அமைதியாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

10. வேலையில் இருக்கும்போது நான்கு மணிச் சோதனை

கடைக்குள் வானம் தெரியாது. கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் இரைச்சலும் சேர்ந்து, வெளியே கொட்டுவது ஏழு மணிக்குத்தான் தெரியவரும். எனவே நான்கு மணிக்குத் தொலைபேசியில் நினைவூட்டி வைத்து, காலையில் பேசிய அதே இருவரிடம் அதே கேள்விகளைக் கேளுங்கள். வானிலை மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கென்று தனியாக வெளியிடும் அறிவிப்பையும் பாருங்கள்.

நான்கு மணி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்போது முடிவு செய்தால் வெளிச்சத்தோடு மலையேறிவிடலாம். நவம்பர் மாதத்தில் ஒருநாள் நான்கரைக்கே மேலேயிருந்து எனக்குத் தகவல் வந்தது. முகூர்த்தக் கூட்டம், பட்டுப் பிரிவில் ஆள் நிற்க இடமில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்கத் தயங்கித் தயங்கி ஏழரைக்குக் கேட்டேன். எட்டே காலுக்கு அடிவாரம் வந்தபோது பாதையை அடைத்துவிட்டார்கள். டீக்கடைப் பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டில் தொலைபேசி கிடைக்காமல் என் அம்மா இரவு முழுவதும் வாசலில் நின்றிருக்கிறாள். நான்கரைக்கே கேட்டிருந்தால் விட்டிருப்பேன் என்று மேற்பார்வையாளரே பிறகு சொன்னார்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஆள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நான்கு மணிக்கு நீங்களே போய், "உன் பக்கம் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள்.

11. தங்கிவிட வேண்டிவந்தால்

முடிவு செய்ததும் முதலில் வீட்டுக்குச் சொல்லுங்கள். பிறகு தங்கும் வீட்டுக்கு. மலையில் மின்சாரமும் அலைவரிசையும் மழையில் முதலில் போகும், ஆகவே அழைப்புக்குப் பதிலாகக் குறுஞ்செய்தி போதும், அலை கிடைக்கும்போது போய்ச் சேரும். கடைக்குள் தங்கச் சொன்னால், கழிப்பறையும் உள்ளிருந்து திறக்கும் கதவும் உண்டா, உடன் யார் என்று கேட்டபின்னரே ஒப்புக்கொள்ளுங்கள். மறுநாள் மேலே போகும்போதும் ஐந்தாம் படியிலிருந்து தொடங்க வேண்டும். ஒருநாள் தங்கிய அலுப்பில் அதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம்.

12. வழியில் அடிபட்டால்

உங்கள் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இஎஸ்ஐ சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தையும் பணியின்போது ஏற்பட்ட காயமாகக் கொள்ள வழி வந்தது. விபத்து நடந்த நேரம், இடம், சூழ்நிலை ஆகியவை வேலையோடு தொடர்புடையவை என்று காட்ட வேண்டும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. வண்டி வழுக்கி விழுந்ததைச் சொந்தத் தவறு என்று நினைத்து, மருத்துவமனையில் "வீட்டில் விழுந்தேன்" என்று எழுதவைத்தவர்களை எனக்குத் தெரியும். அப்படி எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: எத்தனை மணி, எந்த வளைவு, கடைக்குப் போகும்போதா திரும்பும்போதா. கடைக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

அந்தத் தொடர்பைக் காட்டத்தான் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மழை நாள்களில் நான்கு வரி போதும்: கிளம்பிய நேரம், யாரிடம் விசாரித்தேன், என்ன சொன்னார்கள், கடைக்கு எப்போது தகவல் அனுப்பினேன். வராத நாளில் சம்பளம் பிடித்தார்களா என்பதையும் மாதக் கடைசியில் அதே பக்கத்தில் எழுதுங்கள். என் கடையில் இந்த நோட்டு கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. நான்கு மணிக்கு யார் யார் கிளம்பினார்கள், வீடு சேர்ந்துவிட்டதாக எப்போது செய்தி வந்தது என்று நானே அதில் எழுதுகிறேன்.